இருபத்தைந்தாம் மிதி

செவ்வாய்க்கிழமை காலை, முதியோர் மையத்தில் பதினெட்டுப் பாட்டிகளையும் ஒரு தாத்தாவையும் வரிசையில் நிறுத்தி ஆடவைத்துக்கொண்டிருந்தபோது ஹேரியொன் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்து. சியோல் வரைக்கும் வந்துட்டுப் போயிடுங்க."

"எதுக்குடி?"

"நம்ம 'உப்பளம்' பத்தித்தான். நவீன நடன வரலாறு புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. எழுபத்துநாலுல முதல்முறை ஆடினவங்கள்ல உயிரோட இருக்கறது நாம ரெண்டு பேர்தான். 'பியோ பேராசிரியர் அமைச்ச நடனம், நான் முன்னால நின்னு ஆடினேன்'னு நீங்க ஒரு வரி சொல்லணும். பதிவு பண்ணிப்பாங்க. மதியச் சாப்பாடு உண்டு."

ஐம்பது வருடத்துக்கு ஒரு மதியச் சாப்பாடு. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாட்டைத் திரும்பப் போட்டேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'உப்பளம்' பியோ மியோங்சுக் பேராசிரியர் அமைத்ததல்ல. நான் அமைத்தது. மா ஒக்பூன் என்கிற நான், இருபத்திரண்டு வயதில், பல்கலைக்கழக நடனக்கூடத்தில் கரி அடுப்புப் புகைக்கு நடுவே நின்று, முதல் மிதியிலிருந்து கடைசி மிதி வரை அமைத்தது. பேராசிரியர் அப்போது நியூயார்க்கில் இருந்தார். ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு திரும்பி வந்து, பாவாடை நிறத்தை மாற்றச் சொன்னார். நிகழ்ச்சித்தாளில் அவர் பெயர் அச்சாகியிருந்தது.

அன்று நான் கோபப்படவில்லை. அது அப்படித்தான். பேராசிரியருக்கு ஒரு நடனக்குழு இருக்கும். குழுவில் உதவியாளர் இருப்பாள். அவள் அமைப்பதெல்லாம் பேராசிரியர் அமைத்ததாகும். பிறகு உதவியாளரும் ஒருநாள் பேராசிரியராவாள், அவளுக்குக் கீழே ஒருத்தி அமைப்பாள், கணக்கு நேராகிவிடும். நான்தான் பேராசிரியராகவில்லை. அப்பா படுத்துவிட்டார். அவர் வேலை பார்த்த சொரே உப்பளத்துக்கே நான் திரும்பிவிட்டேன். ஹேரியொன் பேராசிரியரானாள். ஆறு வருடம் முன்பு பியோ பேராசிரியர் இறந்ததும், அவர் பெயரில் இருக்கும் சங்கத்துக்குத் தலைவியும் ஆனாள்.

எனக்கு வேண்டியது ஒரு வரி. 'நடன அமைப்பு: மா ஒக்பூன்.' அந்த வரியை அச்சில் பார்க்காமல் போய்விடுவேனோ என்ற நினைப்பு இந்த இரண்டு மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் கிளம்பினேன். சாப்பாட்டுக்காக இல்லை.

சியோல் போகும் முதல் தட மெட்ரோ ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒத்திகைக்கூடம் தரைக்குக் கீழே இரண்டு மாடி. லிஃப்ட் பழுது.

"அக்கா, மூச்சு வாங்குதே! ஏன், டாக்சி பிடிச்சிருக்கக்கூடாதா?" என்று ஓடி வந்து கையைப் பிடித்தாள் ஹேரியொன். எழுபது வயது. முடியைக் கன்னங்கரேலென்று சாயம் பூசியிருந்தாள்.

"டாக்சிக்கு நீ சொல்லல. சாப்பாடு மட்டும்தான் சொன்னே."

"வாய் மட்டும் அப்படியே இருக்கு."

உள்ளே நான்கு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் விழா. புத்தகத்தில் முக்கியமாகச் சொல்லப்படுகிற ஆறு நடனங்களை மறுபடி மேடையேற்றுகிறார்கள். அதில் ஒன்று 'உப்பளம்'. முன்னால் நின்றவள் பெயர் சூரா. முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், இடுப்பில் பட்டி. நான் நின்ற இடத்தில் அவள் நின்றாள்.

நின்ற இடத்தில் மிதிக்கிறார்கள். வலது, இடது, வலது, இடது. ஐந்தாவது மிதியில் சூராவின் இடது கால் ஒடிகிறது. ஒரு நொண்டல். அடுத்த கணம் அவளுக்குப் பின்னால் இருப்பவள் அதை வாங்கிக்கொள்கிறாள், பிறகு மூன்றாமவள், பிறகு நான்காமவள். காற்றில் நாணல் சாய்கிற மாதிரி. மறுபடி மிதி, மறுபடி ஒடிவு.

சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சைப் பிசைந்தது.

"பார்த்தீங்களா டீச்சர்?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. கண்ணாடி போட்ட, ஒல்லியான, நாற்பது நாற்பத்தைந்து வயது ஆள். "நான் நாம்குங் இன்ஹோ. புத்தகத்தை எழுதறவன். அந்த நொண்டல் இருக்கே, அதுதான் என் நாலாவது அத்தியாயம். அதுவரைக்கும் நம்ம நாட்டு நடனத்துல உடம்புன்னா அழகா இருக்கணும், முழுசா இருக்கணும். எழுபத்துநாலு நவம்பர்ல முதல் தடவையா ஒரு உடைஞ்ச உடம்பு மேடைக்கு வருது. ரெண்டா உடைஞ்ச நாட்டோட நடை. அங்கேருந்துதான் நவீனம் ஆரம்பிக்குதுன்னு எழுதியிருக்கேன்."

"எத்தனை பக்கம்?"

"நாற்பத்தொண்ணு."

நான் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தேன். நாற்பத்தொரு பக்கம்.

எழுபத்துநாலில் நடந்த ஆட்டத்தை யாரோ கேமரா கடைக்காரர் நான்கு நிமிடம் ஊமைப்படமாக எடுத்திருந்தார். அதில் அந்த நொண்டல் இருக்கிறது. இந்தப் பெண்கள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உலகத்துக்கு 'உப்பளம்' என்றால் அந்த நான்கு நிமிடம்தான்.

சாப்பாடு வந்தது. கடற்பாசியில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் உருளைகள், மீன்குழம்பு, முள்ளங்கி ஊறுகாய். ஹேரியொன் போன் பேச மாடிக்குப் போனாள். நாம்குங் என் எதிரில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், ஒண்ணு கேட்கணும். பேராசிரியரோட பழைய பாஸ்போர்ட் கிடைச்சுது. ஜூலைலேருந்து நவம்பர் நடு வரைக்கும் அவங்க அமெரிக்காவுல இருந்திருக்காங்க. அப்படின்னா ஒத்திகையை நடத்தினது யாரு?"

ஐம்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார்.

"நான்."

"நடத்தினது மட்டுமா?"

"அமைச்சதும் நான்தான்."

அவர் திடுக்கிடவில்லை. தலையை மெல்ல ஆட்டினார். "அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். ஆனா உங்க வார்த்தை ஒண்ணை மட்டும் வச்சு நான் பேரை மாத்த முடியாது. தலைவி மேடம் சண்டைக்கு வருவாங்க. அமைச்சவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லுங்க. அந்த நொண்டல் எப்படி வந்துது? பேராசிரியரோட குறிப்பேட்டுல அதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. நீங்க அதை விளக்கிட்டா போதும், நாளைக்கே பேரை மாத்திடறேன்." பதிவுக்கருவியை மேசைமேல் வைத்தார். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. "வீட்டுல யாருக்காவது... போர்ல அடிபட்ட கால்...?"

விடையைத் தட்டில் வைத்து நீட்டினார் மனிதர். என் சித்தப்பாவுக்கு உண்மையிலேயே ஒரு கால் கிடையாது. போரில் போனதுதான். 'ஆமாம், சித்தப்பா' என்று சொன்னால் போதும். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பொய், அதற்குச் சம்பளம் நாற்பத்தொரு பக்கம், என் பெயர்.

வாயைத் திறந்தேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருடம் ஒரு பொய்யைச் சுமந்தாகிவிட்டது. இன்னொன்றைப் புதிதாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

"சுளுக்கு" என்றேன்.

"என்ன?"

"கால் சுளுக்கு. பேராசிரியர் வந்ததும் வெள்ளைப் பாவாடையெல்லாம் வேண்டாம், சாம்பல் நிறம் பண்ணுன்னுட்டாங்க. சாயம் போட்டு, மூட்டையைத் தூக்கிக்கிட்டு அவங்க வீட்டுக்குக் காட்டப் போனேன். மேட்டுல உறைபனி. சறுக்கிட்டேன். மறுநாள் ஆட்டம். ஐஞ்சாவது மிதியில கணுக்கால் கழண்டுக்கிச்சு. அவ்வளவுதான்."

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சூராவின் கை பாதியில் நின்றது.

"சுளுக்கா?" என்றாள். "நான் மூணு மாசமா ஒரு சுளுக்கையா ஆடிட்டிருக்கேன்?"

"அப்படிப் பார்த்தா அந்த நொண்டல் மட்டும்தான் பேராசிரியரோட பங்கு" என்றேன். "அவங்க பாவாடையை மாத்தச் சொல்லலேன்னா எனக்குக் கால் போயிருக்காது."

யாரும் சிரிக்கவில்லை.

"ஆனா டீச்சர்," நாம்குங் விடவில்லை, "உங்களுக்குச் சுளுக்குன்னே வச்சுப்போம். பின்னாடி மூணு பேரும் அதே மாதிரி ஒடியறாங்களே? மூணு பேருக்குமா சுளுக்கு?"

"அதை இவகிட்ட கேளுங்க."

ஹேரியொன் கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"என்னத்தைக் கேட்கணும்?"

"எனக்குப் பின்னால நின்னியே, நீ ஏன் நொண்டினே?"

"பேராசிரியர் சொன்னாங்க."

"ஹேரியொன்."

அவள் சாயம் பூசிய முடியை ஒதுக்கிக்கொண்டாள். நாம்குங்கைப் பார்த்தாள், சிவப்பு விளக்கைப் பார்த்தாள். பிறகு குரல் சற்று இறங்கியது. "அக்கா முன்னால தடுமாறுறாங்க. நான் ரெண்டு வருஷம் ஜூனியர். நான் பாட்டுக்குச் சரியா மிதிச்சா, அக்கா தப்புன்னு ஊருக்கே தெரியும். பெரியவங்களை முந்திக்கிட்டுப் போக முடியுமா? நானும் நொண்டினேன். எனக்குப் பின்னால நின்னவங்க எனக்கு ஜூனியர். அவங்களும் நொண்டினாங்க."

அதுதான் நடந்தது. மரியாதை. மேடைக்குப் பின்னால் வந்ததும் மூன்று பேரும் என் காலில் விழாத குறையாக அழுதார்கள். நாட்டின் முதல் நவீன நடை என்று நாற்பத்தொரு பக்கம் எழுதப்பட்டது இதைத்தான்.

நாம்குங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. நொண்டல் விபத்து. அதனால நீங்க அமைச்சீங்கன்னு ஆயிடாது. பேராசிரியர் நியூயார்க்லேருந்து கடிதத்துலகூடச் சொல்லி அனுப்பியிருக்கலாம் இல்லையா?"

"அதான்! அதான் நானும் சொல்றேன்" என்று பிடித்துக்கொண்டாள் ஹேரியொன். "கடிதம் வந்துது. வாராவாரம் வந்துது."

"வந்துது" என்றேன். "கூடத்துக்கு வெள்ளையடிச்சாச்சா, கரி வாங்கியாச்சான்னு கேட்டு வந்துது."

"அக்கா, செத்தவங்களை..."

"செத்தவங்களை நான் ஒண்ணும் சொல்லல. நீங்க மிதிசக்கரத்துல ஏறியிருக்கீங்களா?" என்று நாம்குங்கைக் கேட்டேன்.

"படத்துல பார்த்திருக்கேன். கடல்தண்ணியைப் பாத்திக்கு ஏத்தற சக்கரம்."

"எங்கப்பா முப்பது வருஷம் அதுமேலதான் நின்னாரு. நொண்டினா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த பலகை மேல வந்து முழங்காலுக்குக் கீழ அடிக்கும். சக்கரம் யாருக்காகவும் நிக்காது. உப்பளத்துல வேலை பார்த்த ஒரு ஆள்கூட இந்த ஆட்டத்துல நொண்டலை வைக்கமாட்டான். பேராசிரியர் வச்சிருக்கலாம். அவங்க பணக்கார வீட்டுப் பொண்ணு. நான் வைக்கமாட்டேன்."

"அப்ப நீங்க வச்சது என்ன?"

என்ன வைத்தேன்? வாயால் சொல்வது பெரிய வேலையாகத் தெரிந்தது. களைப்பாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அன்று ஒத்திகையில் எண்ணிய மாதிரியே எண்ண ஆரம்பித்தேன்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

நடனக்காரர்கள் எட்டு எட்டாக எண்ணுவார்கள். உப்பளத்தில் அப்படியில்லை. ஒன்றிலிருந்து நூறு வரை ஒரே ஓட்டம், நூறானதும் ஒரு சிப்பியை எடுத்துப் பக்கத்தில் வைப்பார்கள். அப்பா எண்ணியதைக் கேட்டு வளர்ந்ததால் எனக்கு வேறு எண்ணிக்கை தெரியாது. மூன்று மாதம், தினம் ஆறு மணி நேரம், அன்று எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேரையும் அதற்கே மிதிக்கவைத்தேன்.

"இருபத்திமூணு. இருபத்திநாலு. இருபத்தஞ்சு."

"ஆ!" என்றாள் சூரா.

கண்ணைத் திறந்தேன். எல்லோரும் ஹேரியொனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவருகே நின்றிருந்த அவளுடைய முகம் இடது பக்கம் திரும்பி, பார்வை கீழே இறங்கியிருந்தது, ஏதோ பள்ளத்தில் எதையோ தேடுகிற மாதிரி.

"என்ன ஆச்சு மேடம்?" என்றார் நாம்குங்.

"கழுத்துப் பிடிப்பு" என்றாள் அவள்.

நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. இப்போது அவள் கால்களும் அடங்கவில்லை. குதிகால் லேசாக ஏறி இறங்கியது, வலது, இடது. முப்பது, நாற்பது. ஐம்பது என்றபோது முகம் மறுபடி அதே இடத்துக்குத் திரும்பியது. இம்முறை அவளே அதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்துங்கக்கா" என்றாள். "போதும்."

"அது என்ன?" நாம்குங் எழுந்து நின்றுவிட்டார். "படத்துல அது இல்லையே?"

"இருபத்தஞ்சு மிதிக்கு ஒரு தடவை கால்வாயில தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும்" என்றேன். "தண்ணி வத்தினா சக்கரம் காத்தை மிதிக்கும். அப்பா அப்படித்தான் பார்ப்பார். அதை வச்சேன். அன்னிக்கு மேடையில வலியில எண்ணிக்கை போயிடுச்சு. நான் திரும்பல, அதனால பின்னால யாரும் திரும்பல."

"பேராசிரியருக்கு அது பிடிக்கல" என்றாள் ஹேரியொன், யாரிடமோ சொல்வது போல. "வந்த அன்னிக்கே கேட்டாங்க. 'இருபத்தஞ்சு எங்கேருந்து வந்துது, எட்டுல அடங்கலையே, யார் இப்படி எண்ணினது'ன்னு. அக்காதான்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த என் கிம்பாபில் ஒரு துண்டை எடுத்துத் தின்றாள்.

நாம்குங் மனசுக்குள் எதையோ கணக்குப் போட்டார். பிறகு சொன்னார்: "டீச்சர், நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன். எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. பேரை மாத்திடறேன். ஆனா விபத்துன்னு தெரிஞ்சப்புறம் நாலாவது அத்தியாயத்துல இதை வச்சு எழுத முடியாது. அந்த இடத்துக்கு வேற நடனம் போயிடும். இது பின்னிணைப்புல ஒரு வரியா வரும். விழாவுலயும் எடுத்துடுவாங்க. அத்தியாயத்துல இருக்கறதுதான் மேடைக்குப் போகுது."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா இந்தப் பதிவை நான் அழிச்சுடறேன். அத்தியாயம் அப்படியே நிக்கும். பேராசிரியர் பேருல."

பெரிய நடனம், பெயர் இல்லாமல். அல்லது சின்ன நடனம், பெயரோடு. நான் சூராவைப் பார்த்தேன். மூன்று மாத உழைப்பு அவளுடையது.

"என்னைப் பார்க்காதீங்க டீச்சர்" என்றாள் அவள். "இடுப்பு பட்டியை அவுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். ஆனா ஒண்ணு. அந்த இன்னொண்ணை ஒரு தடவை ஆடிப் பார்க்கணும். எண்ணுவீங்களா?"

நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். நான் எண்ணினேன். மிதித்தார்கள். நொண்டல் இல்லை. ஒன்று போலவே நூறு. இருபத்தைந்துக்கு ஒருமுறை நான்கு முகங்கள் கீழே பார்த்தன, நிமிர்ந்தன. வேறொன்றும் நடக்கவில்லை. நாற்பதைத் தாண்டியதும் நாம்குங் மணி பார்த்தார். எழுபதில் சூராவின் தோள்கள் இறங்க ஆரம்பித்தன. நடிப்பில்லை, களைப்பு.

எனக்கும் தெரிந்தது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். நொண்டலோடு ஆடியதுதான் நல்ல நடனம். அதைப் பார்த்தால் அழுகை வரும். இதைப் பார்த்தால் கொட்டாவி வரும். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, அப்பா வேலை முடிந்து வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, அந்த அலுப்பை எப்படி மேடையில் வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்த நடனம். அதில் மேதைமை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஒவ்வொரு மிதியும் என்னுடையது.

நூறு எண்ணி நிறுத்தினேன். சூரா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த நொண்டல்ல கொஞ்சம் ஓய்வு இருந்துது டீச்சர்" என்றாள் மூச்சு வாங்க. "இதுல அதுவும் இல்ல."

"எதை எழுதட்டும்?" என்றார் நாம்குங்.

"இதை."

அவர் மடிக்கணினியைத் திறந்து தட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார். '1974. உப்பளம். நடன அமைப்பு: மா ஒக்பூன். மிதிசக்கர அசைவுகளைக் கொண்டு அமைக்கப்பட்ட மாணவர் படைப்பு.'

இரண்டு முறை படித்தேன். ஹேரியொன் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"அக்கா அப்ப மாணவி இல்லையே" என்றாள் அவள் நாம்குங்கிடம். "உதவியாளர். சம்பளம் வாங்கினாங்க."

"மாணவர்ங்கிறதை எடுத்துடுங்க" என்றேன். "படைப்புன்னு மட்டும் இருக்கட்டும்."

அவர் அந்த ஒரு சொல்லை அழித்தார். வரி கொஞ்சம் குட்டையானது.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதான். எங்க கையெழுத்துப் போடணும்?"